கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே



நம் மண்ணூரில் போட்டிருக்கும் இந்த மேடையிலிருந்து அந்த வேப்பமரம் ஏறக்குறைய 25 மீட்டர் இருக்கும். மரத்தடியில் ஒரு வேன் நிற்கிறது. பொழுது சாய்கிற இந்த நேரத்தில் அதன் நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண்கள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. 25 மீட்டர் என்று ஏன் கணக்குச் சொல்கிறேன்? பஸ், லாரி ஓட்டுகிறவர் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். படிவம் 1-ஏ. அதில் டாக்டருக்கு ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரை இவரால் படிக்க முடியுமா?

நல்ல பகல் வெளிச்சத்தில்! நம் ஊர் வழியாகக் கம்பெனி ஷிப்ட் வண்டி போவது எப்போது? விடியற்காலை நாலரைக்கு, ராத்திரி பத்தரைக்கு. மாலைக்கண் உண்டா என்றும் அதே படிவம் கேட்கத்தான் செய்கிறது. அதற்கு ‘இல்லை’ என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு 63 வயது. அரசு பஸ்ஸில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஸ்டியரிங் பிடித்தவர். அவர் வண்டியில் ஏறினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்வார்கள். ரிட்டயர் ஆன மூன்றாவது மாதமே ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஆக்டிங் டிரைவராகப் போய்ச் சேர்ந்தார். சின்ன மகளின் கல்யாணக் கடன் அப்படி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஊர் ஊராக ஆள் ஏற்றி ஆறு மணி ஷிப்டுக்கு இறக்குவார். அடுத்த டிரிப் மதியம். நடுவில் வீட்டுக்கு வந்து போக டீசல் யார் கொடுப்பது? அதனால் தகரம் கொதிக்கிற வெயிலில் பஸ்ஸின் கடைசி சீட்டிலே துண்டை விரித்துப் படுப்பார். ராத்திரி டிரிப்புக்கு முன்னால் சீட்டுக்கு அடியில் கொசுவர்த்தி ஏற்றிவைத்து இன்னொரு தூக்கம். சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை, அதோடு ஒரு கடலைமிட்டாய். மாத்திரை போட்டுச் சாப்பிட நேரமில்லாமல் போய்விட்டால் உடம்பு நடுங்கும், கண் இருட்டும், அதற்காகத்தான் அந்த மிட்டாய்.

ஒப்பந்தக்காரர் கணக்கில் அவர் ஓட்டியது ஏழு மணி நேரம். வீட்டைவிட்டு வெளியே இருந்தது இருபது மணி நேரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி வேலைக்குப் பிறகு அரைமணி ஓய்வு என்று எழுதிவைத்தது. அறுபது வருஷம் கழித்து நம் ஊர் டிரைவரின் ஓய்வு பஸ்ஸின் கடைசி சீட்டில் கிடக்கிறது.

ஒரு ராத்திரி ஒரகடம் ரோட்டில், பின்விளக்கும் இல்லாமல் ஒளிரும் பட்டையும் இல்லாமல் ஒரு டிரெய்லர் ஓரமாக நிற்கிறது. எதிரே வந்தவன் ஹைபீம் போட்டுக்கொண்டு வருகிறான். சித்தப்பா கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து வலதுபக்கம் ஒடித்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கம்பியில் இடித்து உதடு கிழிந்தது. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போனேன். “தெரியலடா எனக்கு. முப்பது வருஷத்துல ஒரு நாளும் இப்படித் தெரியாமப் போனதில்ல” என்றார். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் படிவம் 1-ஏ வாங்கியிருந்தார். கையெழுத்துப் போட்ட டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

வயசானவர்கள் ஸ்டியரிங்கைவிட்டு இறங்குங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. மாடு எந்தப் பக்கம் திரும்பும், பள்ளிக்கூடப் பிள்ளை எந்த நொடியில் ஓடும், பைக்கில் வருகிறவன் எந்த இடுக்கில் நுழைவான் என்று முன்கூட்டியே கால் பிரேக்குக்குப் போகிற அந்த அறிவு இருபத்தைந்து வயசில் வருமா? வராது. ஆனால் கண் வேறு கதை. இருபது வயசுக் கண்ணோடு ஒப்பிட்டால் அறுபது வயசில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவராது.

வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்தப்பாவுக்காவது பென்ஷன் உண்டு. ஆயுசு முழுக்கத் தனியார் லாரி ஓட்டியவருக்கு? வைப்புநிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். பி.எஃப். பிடிக்கவே இல்லை என்றால் அதுவும் கிடையாது. அவர் ஆசைப்பட்டா ஓட்டுகிறார்?

வயசான டிரைவர் என்பது நம் ஊர்க் கேள்வி மட்டும் இல்லை. நம் ஊருக்குக் கொரியா ஒன்றும் தூரமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் கம்பெனி வந்ததிலிருந்து அந்த நாட்டுக்காரர்களோடு ஒரே கடையில் காய்கறி வாங்குகிறோம். அங்கே சியோலில், 2024 ஜூலை 1 அன்று இரவு, மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் எதிர்த்திசையில் பாய்ந்து 9 பேர் இறந்துபோனார்கள். ஓட்டியவருக்கு வயது 68. அவர் தொழிலே பஸ் ஓட்டுவதுதான், அப்போதும் அந்த வேலையில் இருந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்றார். ஆய்வில் அவர் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது தெரிந்தது. உடனே அங்கே முதியவர்களின் லைசென்ஸைப் பற்றிப் பெரிய விவாதம் கிளம்பியது. பிரிட்டனிலோ, பஸ், லாரி டிரைவர் 45 வயசிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று கொடுக்கிறார். 65 தாண்டினால் வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கே நாம் என்ன செய்தோம்? டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. 2019 திருத்தச் சட்டம் அதை ஐந்து வருஷம் ஆக்கியது. முப்பது வயசுக்காரருக்கு அது நல்லதுதான், ஒரு அலைச்சல் மிச்சம். அறுபத்து மூன்று வயசுக்காரருக்கும் அதே ஐந்து வருஷமா? எட்டு வருஷம் தாண்டிய வேனுக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, கேட்கிறோம். 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள், இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இதெல்லாம் வயசானவர்கள் ஓட்டியதால் என்று நான் சொல்லவே இல்லை. இப்படிப்பட்ட சாலையில் வண்டியைப் பார்க்கிறோம், ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கம்பெனி நிர்வாகிகள் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்கிறேன். தொழிற்சாலை மாதிரி விதிகளின்படி, கேட்டுக்கு உள்ளே கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ ஓட்டுகிறவரின் கண்ணை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 45 வயசு தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஃபோர்க்லிஃப்டில் இருப்பது ஒரு பெட்டி உதிரிபாகம். கேட்டுக்கு வெளியே உங்கள் பெயர் ஒட்டிய பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள். அந்த டிரைவருக்கு மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு கையெழுத்தா? அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லாதீர்கள். ஏறுகிறவர்கள் உங்கள் ஆட்கள்.

உங்கள் மருத்துவ அறையிலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கும் கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். 60 தாண்டியவருக்குப் பகல் டிரிப் கொடுங்கள், ராத்திரி டிரிப்பை விட்டதற்காகச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் யாரும் தன் கண் மங்கலை வாய்திறந்து சொல்ல மாட்டார். இரண்டு டிரிப்புக்கு நடுவில் படுக்க ஃபேன் உள்ள ஓர் அறை, குளிக்கத் தண்ணீர். ஒரு நாள் உற்பத்தியில் இதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று உங்கள் கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள்.

சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது. இனி பகல் டிரிப் மட்டும் போதும் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டார். நைட்டுக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். சித்தப்பாவை இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவரால் வர முடியவில்லை. பத்தரை மணி டிரிப்புக்கு முன்னால் கொஞ்சம் படுக்க வேண்டுமாம்.