கையூட்டும் மாமூலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. வயது, நிலம், மனை, கல்வி எனத் தகுதிகளை நம் பள்ளிநூல்கள் பெருமையோடு எடுத்துரைக்கும். தகுதியற்றோர் பட்டியலை விரைந்து கடந்துவிடும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர இயலாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. கையூட்டுக் கொண்டவனோ உரிய கழுவாய் செய்து தூயவனானாலும், உயிருள்ள வரையில் அவன் பெயரை ஓலையில் எழுதலாகாது. 'கையூட்டு' என்னும் சொல்லே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. இலஞ்சம் என்றே தமிழறிஞர் அதற்குப் பொருள் கொள்வர்.

அச்சபையைப் பொற்காலமாக்கிப் பாட வேண்டுவதில்லை. அது பிரமதேயத்துச் சபை. உழுதவன் பெயர் அக்குடத்துள் விழ வழியே இருந்ததில்லை. ஆயினும் ஒன்றை அவர்கள் செய்தார்கள். குற்றத்திற்குக் குற்றத்தின் பெயரையே இட்டார்கள்.

இன்று கையூட்டு என்னும் சொல் மேடையிலும் செய்தித்தாளிலும் வாழ்கிறது. மக்கள் வாயில் வழங்குவது மாமூல். அரபியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு வழக்கமானது என்பதே பொருள். மழை பெய்தால் 'மாமூல் வாழ்க்கை பாதிக்கப்பட்டது' என்று எழுதுகிறார்களே, அதே மாமூல்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உயிருள்ள வரை விலக்கிவைக்கத்தக்க குற்றமாயிருந்தது, இன்று வழக்கம் என்னும் பெயரால் வழங்குகிறது. ஒழுக்கத்தின் வீழ்ச்சிக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை, அகராதியே சான்று.

இது தமிழர்க்கு மட்டும் உரிய நோயன்று. கென்யாவில் இலஞ்சத்திற்குத் 'தேநீர்' என்று பெயர். மலேசியாவில் 'காப்பிக் காசு'. மெக்சிகோவில் 'ஒரு கடி'. கிரேக்க நாட்டில் 'சிறு உறை'. பிரெஞ்சுக்காரர்கள் 'மதுக்குடம்' என்கிறார்கள். உலகெங்கும் மனிதன் இச்செயலுக்கு உண்ணும் பெயரும் பருகும் பெயருமாகத் தேடிச் சூட்டியிருக்கிறான். காப்பிக் காசு என்று சிறுமைப்படுத்திய அதே மலேசியாவில்தான், முன்னாள் தலைமை அமைச்சர் நஜீப் ரசாக் ஊழல் வழக்கில் தண்டனை உறுதியாகி 2022இல் சிறை புகுந்தார். சிறு பெயர்களின் நிழலில் பெருங்களவு வளர்கிறது என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

தமிழில் இன்னுமொரு சொல் உண்டு. அயல்மொழிகளில் இதற்கு இணை இருக்குமா என்பது ஐயமே. அலுவலகத்து மேசைக்கு அப்பாலிருந்து 'கொஞ்சம் கண்டுகொள்ளுங்கள்' என்று குரல் வரும். பணம் கொடு என்பது அதன் பொருள். பணம் கொடுத்த பின்னர்க் கிடைப்பதோ, 'கண்டுகொள்ளாமை'. கண்டுகொண்டால் கண்டுகொள்ளமாட்டார்கள்! இந்த முரணைச் சிலேடை என்று சுவைக்கலாம், அதன் விலை தெரியாத வரையில்.

அந்த விலை நம் கள்ளக்குறிச்சியில் தெரிந்தது. 2024 ஜூன் 18ஆம் நாளும் அதனை அடுத்தும் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்த மக்கள் மாளத் தொடங்கினர். 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பெண்களும் அவர்களுள் இருந்தனர். மெத்தனால் உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறுகிறது; அது முதலில் கெடுப்பவற்றுள் ஒன்று கண்ணின் நரம்பு. பார்வை மங்குகிறது என்று சொல்லிக்கொண்டே பலர் மருத்துவமனைக்கு வந்தனர். குடித்தவுடன் இது தெரியாது. பல மணி நேரம் கழித்தே தெரியும். ஆதலின் முதல் நாளின் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு நிகரானது. அந்நாளில் மாவட்ட நிர்வாகம், இறப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமென்பதை ஏற்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். பின்னர்க் கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் பல சிதைகள் வரிசையாக எரிந்தன.

விற்பனை நடந்த இடத்திற்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் தொலைவில் இல்லை. முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது முன்னரே மதுவிலக்கு வழக்குகள் பல இருந்தன. பதின்மூன்று திங்களுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், தாய் மாவட்டமான விழுப்புரத்தின் மரக்காணத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இதே மெத்தனாலால் மாண்டிருந்தனர். அறியாமை என்று சொல்ல இடமில்லை. 2024 நவம்பர் 20இல் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய சென்னை உயர்நீதிமன்றம், காவல்துறை கண்டும் காணாதிருந்ததைக் கடுமையாகச் சுட்டியது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் பணியிடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டதையும் கேள்விக்குள்ளாக்கியது. அதற்கடுத்த திங்களில் உச்சநீதிமன்றம் அவ்வாணையில் தலையிட மறுத்தது. எவர் பெற்றார், எவ்வளவு பெற்றார் என்பது நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டியது. கண்ணெதிரே நடந்தது கண்ணில் படாமற் போயிற்று என்பதை மட்டும் ஊரே அறியும்.

பழி என்னவோ மலையின்மீது விழுந்தது. கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப்படுவது உண்மை. வெல்லமும் வேலம்பட்டையும் இட்டு ஓடைக்கரைகளில் ஊறல் போடுவதும், வடித்ததை லாரி டியூபுகளில் அடைத்து இறக்குவதும் நெடுங்காலம் நடந்து வருவன. அதனை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மலையூறல் அன்று. மெத்தனால் எந்த ஓடையிலும் ஊறாது. அது தொழிற்சாலைப் பொருள், உரிமமின்றிக் கையாளலாகாதது, சமவெளிச் சாலைகளின் வழியே வருவது. நிகழ்வுக்குப் பின்னர் அழிக்கப்பட்டவையோ மலையின் ஊறல்கள்!

அம்மலையின் வரலாற்றையும் ஒரு சொல்லில் கடக்க முடியாது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் விடுபட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லா உழைப்புக்கு ஆட்பட்டிருந்தனர். கடுக்காய், சாமை, தினை, மரவள்ளி என வாழ்ந்த மக்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எவ்வளவு சென்றன என்பதை, 2024 ஜூலையில் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து ஒரு வழக்காக எடுத்துக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ மலைக்கு நேரில் சென்று பார்க்கலாமே என்றும் நீதிபதிகள் கூறினர். சாராயத்தைக் கேட்கப் போன நீதிமன்றம் வாழ்க்கையைக் கேட்டது. அறத்தின் குரல் அங்கே ஒலித்தது எனலாம்.

சட்டமும் திருத்தப்பட்டது. உயிரிழப்பு நேர்ந்தால் காய்ச்சியவர்க்கும் விற்றவர்க்கும் ஆயுள் தண்டனை, பத்து இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டம் என 2024 ஜூனில் பேரவை சட்டமியற்றியது. கடுமை வேண்டியதே. ஆயினும் 2016 முதல் முழு மதுவிலக்கு நடக்கும் பீகாரில், 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்து மக்கள் கள்ளச்சாராயத்தால் கொத்துக் கொத்தாக மாண்டதை நினைக்க வேண்டும். காய்ச்சியவனுக்கு ஆயுள் தண்டனை. காணாதிருந்தவனுக்கு இடமாற்றம், அல்லது சில திங்கள் பணியிடைநீக்கம். உத்திரமேரூர்ச் சபையார் இதனைப் படித்தால் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுவர்.

கவிஞர்கள் நிறைந்த அவையாதலின் ஒரு செய்தி. நம் கவியரங்குகளில் மதுவைப் பாடும் கவிதைகள் பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே பேசுகின்றன. அவனுக்கு அறிவுரை சொல்வது எளிது. அவன் திருப்பிக் கேட்கமாட்டான். மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் உள்ளது. அம்மலையமான் குடிப் பிள்ளைகளை யானையின் காலில் இடக் கிள்ளிவளவன் துணிந்தபோது கோவூர்கிழார் பாடியதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தைப் பார்த்து மருண்டு நிற்கிறார்கள். புலவர் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் தந்தையின் குறைகளைப் பட்டியலிடவில்லை. மன்னன் முகத்தை நோக்கி, நீ எந்த மரபில் வந்தவன் என்பதை நினைவூட்டி, இனி உன் விருப்பம் என்று நிறுத்திக்கொள்கிறார். ஆணையிடும் வல்லமை எவனிடம் இருந்ததோ, பாட்டு அவனிடமே சென்றது.

கருணாபுரத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறையும் வரை திங்கள்தோறும் 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. படிப்புச் செலவையும் ஏற்பதாகக் கூறியது. அப்பிள்ளைகள் கவிஞர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் தெருக்களின் வழியே பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.