முடிந்துவிட்டது என்று சொல்வது யார்?

(தோல் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எங்கே போனாலும் இப்பொழுது ஒரு கேள்வி நம் காதில் விழுகிறது. "பூமியே சூடேறி வெந்துபோகப் போகிறது என்கிறார்களே, இதில் நாம் கூலி உயர்வு என்றும் போனஸ் என்றும் கொடி பிடித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வேலைக்குப் பயந்தவர்கள் அல்லர். நாள் முழுவதும் நின்றபடி உழைப்பவர்கள், பிள்ளை குட்டிகளின் எதிர்காலத்தை நினைத்துக் கேட்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் பேசியாக வேண்டும்.

முதலில் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வோம். 2015-ல் பாரிஸ் நகரில் உலக சர்க்கார்கள் எல்லாம் கூடி, ஆலைகள் பெருகுவதற்கு முன்பிருந்த நிலையைவிட பூமியின் வெப்பம் 1.5 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறாமல் தடுக்க முயல்வோம் என்று ஒப்பந்தம் செய்தன. 2024-ஆம் ஆண்டு அந்த அளவைத் தாண்டிவிட்டது. ஒரே ஓர் ஆண்டு தாண்டியதால் வரம்பு உடைந்துவிட்டதாகக் கணக்கில்லை, பல ஆண்டுச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் வண்டி எந்தத் திசையில் போகிறது என்பது தெரிகிறதல்லவா?

வேலூருக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கத்திரியில் 105, 108 டிகிரி என்பது நமக்குப் பழக்கமான கணக்கு. ஆனால் அது நிழலில் வைத்து அளந்த கணக்கு. தகரக் கூரையின் கீழே எத்தனை டிகிரி? சுண்ணாம்புத் தொட்டியருகே, டிரம்முக்குப் பக்கத்தில் எத்தனை? செருப்பின் மேல்பாகம் தைக்கும் நம் பெண்கள், கழிப்பறைக்குப் போனால் மேஸ்திரி முகம் சுளிப்பானே என்று தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறார்கள். இந்தச் சூடு எந்த அரசாங்கப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

வெயில் மட்டுமா? 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதே, அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து 9 பேர் மாண்டார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். மழை எல்லார் வீட்டின் மேலும்தான் பெய்தது. சுவர்தான் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு விதமான பேச்சுகள் நம்மிடையே உலவுகின்றன. "எல்லாம் முடிந்துவிட்டது" என்பது ஒன்று. "விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும், நீ ஒரு மரக்கன்று நட்டுவிட்டுப் போ" என்பது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஆனால் பலன் ஒன்றே: தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். உலக மக்களில் வசதி படைத்த பத்து சதவிகிதத்தினர்தான் கரிப்புகையில் ஏறத்தாழப் பாதியை வெளியிடுகிறார்கள். நாம் கையைக் கட்டிக்கொண்டால் யாருக்கு லாபம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எல்லாம் முடிந்துவிட்டது என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. பாலாற்றைப் பற்றி இதே பேச்சை நாம் கேட்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் இங்கே தோலை ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்டார்கள். 1970-களில் அந்நியச் செலாவணி வேண்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுச் சரக்காக்கி அனுப்பு என்று மத்திய சர்க்கார் கொள்கை வகுத்தது. குரோமியம் பெருகியது, தொழிற்சாலைகள் பெருகின, கழிவு ஏரிக்கும் ஆற்றுக்கும் போயிற்று. மணலைக் கையால் பறித்தால் ஊறி வந்த நீர் உப்புக் கரித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. அப்பொழுதும் "ஆறு செத்துவிட்டது, டாலர் வருகிறதே, என்ன செய்வது?" என்றுதான் பேசினார்கள்.

ஆனால் வேலூர் குடிமக்கள் சிலர் அப்படி உட்கார்ந்துவிடவில்லை. 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே கிரயம் கொடுக்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கோர்ட்டு சொன்னது. இன்றைக்கு நாட்டின் எந்த மூலையில் எந்த ஆற்றுக்காக வழக்கு நடந்தாலும் நம் வேலூரின் பெயர் அங்கே உச்சரிக்கப்படுகிறது. கழிவு நீரைச் சுத்திகரித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் முதலாளிகளின் கழுத்தில் விழுந்ததும் அதனால்தான்.

இதை வெற்றி என்று மேளம் கொட்டலாமா? கொட்டக்கூடாது. 2001-ல் போட்ட கணக்கின்படி 29,193 பேருக்கு 547 தொழிற்சாலைகள் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும். வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. நிலத்தின் பரப்பை வைத்து இழப்பைக் கணக்கிட்டால், அந்த நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த கூலிக்காரியின் இழப்பு எந்தப் பத்திரத்தில் ஏறும்? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, மழைக்கு மழை மண்ணில் இறங்கியது. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டது. பாக்கி இழப்பீட்டை ராஜ்ய சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், நிலைமையைக் கவனிக்க ஒரு கமிட்டி வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்குப் போட்டு 34 வருஷம்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில், கழிவைச் சுத்தம் செய்யக் கட்டிய நிலையத்தின் தொட்டிச் சுவரே உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்து உறங்கிய 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றும் வேலைகூட, தொழிலாளியின் கண்காணிப்பு இல்லாத இடத்தில் தொழிலாளியையே கொன்றுவிடும். சூரிய மின்சாரம், பசுமைத் தொழில் என்று நாளைக்கு வரும் திட்டங்களிலும் இதை நாம் மறந்துவிடலாகாது.

"டேனரி மூடினால் அடுப்பு அணைந்துவிடும், ஓடினால் கிணறு கெட்டுவிடும்" என்று நம்மை இரண்டாகப் பிரிக்கும் பேச்சும் இருக்கிறது. அண்ணன் டிரம் சுற்றுகிறான், தம்பி நாற்று சுமக்கிறான். ஒரே சட்டியில் கஞ்சி குடிக்கும் இந்த இருவரில் யாரைப் பகையாளி என்பது?

தண்ணீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், ராஜாவில்லாக் கோட்டை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். 1981-ல் ஜனங்கள் கூடி ஜலகண்டேசுவரர் கோயிலுக்குச் சாமியைக் கொண்டு வந்துவிட்டார்கள். (ராஜா இல்லாததில் நமக்கு வருத்தமில்லை.) ஆற்றுக் கதையும் விதி அல்ல. வேலூர் மாவட்டத்தின் நாகநதியைப் பாருங்கள். வறண்டு கிடந்த அந்த நதியின் படுகையில், 2014-லிருந்து சில ஆண்டுகள், நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறைக்கிணறு இறக்கினார்கள், ஓடைகளில் கல்லடுக்கித் தண்ணீரைத் தடுத்தார்கள். யோசனை ஒரு தொண்டு நிறுவனத்துடையது, முதுகொடித்தவர்கள் நம் பெண்கள். நிலத்தடி நீர் மேலே வந்தது. உலக அளவிலும் உதாரணம் உண்டு. ஓசோன் படலத்தை ஓட்டையாக்கிய வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரீல் நகரில் ஒப்பந்தம் செய்தார்கள். இன்று அந்தப் படலம் மெள்ள மெள்ளத் தேறி வருகிறது.

நம்பிக்கை என்று நாம் சொல்வது இவ்வளவுதான். எல்லாம் நல்லபடியாக நடந்துவிடும் என்ற ஜோசியம் அல்ல. 1.5 என்பது பரீட்சை மார்க்கும் அல்ல, தாண்டியதும் தோற்றோம் என்று சிலேட்டை வைத்துவிட்டு எழுந்து போவதற்கு. கிணற்றில் தண்ணீர் இறங்கும்பொழுது ஒவ்வொரு முழமும் கணக்கு அல்லவா? நான்கு முழம் இறங்கிவிட்டதே என்று ஐந்தாவது முழத்தை யாராவது விட்டுக்கொடுப்பார்களா? வெப்பமும் அப்படியே. அரைக்கால் டிகிரி குறைத்தாலும் அத்தனை உயிர் மிச்சம், அத்தனை நாள் கூலி மிச்சம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு என்று ஆணை போட்டது. நல்லதே. ஆனால் ஷெட்டில் மயங்கி விழுந்தவர் வெயிலால்தான் இறந்தார் என்று யார் எழுதித் தருவார்கள்? "மாரடைப்பு" என்று ஒரு வார்த்தை எழுதினால் காகிதம் மூடிவிடும். அதற்கு நம் கையில் கணக்கு வேண்டும். கத்திரியில் வேலை நேரத்தைக் காலைக்கு மாற்று, குளிர்ந்த குடிநீர் வை, கழிப்பறைக்குப் போவதைத் தடுக்காதே, வயல் வேலையைப் பகல் பதினொன்றுக்குள் முடித்து முழுக்கூலி கொடு என்று கேட்பதற்கும் கணக்கு வேண்டும்.

ஆகவே மாசி பிறக்குமுன் ஒவ்வொரு கிளையும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிவிட வேண்டும். காலை பத்து, பகல் இரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளையும் ஷெட்டுக்குள் எத்தனை டிகிரி, வயலில் எத்தனை, யார் மயங்கினார், எத்தனை மணிக்கு, தண்ணீர் இருந்ததா என்று தேதி போட்டு எழுத வேண்டும். தொழிற்சாலைகளில் எழுதும் பொறுப்பைத் தையல் பிரிவுப் பெண் தோழர்களிடம் கொடுக்கலாம். பீஸ் கணக்கில் ஒரு ஜோடிகூடத் தவறவிடாதவர்கள் அவர்கள்தான்.