வாலையின் பக்குவம்



ஒரே தோட்டத்தில் ஒரே காலையில் பறித்த மலரை இருவர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் நீரிலிட்டுக் காய்ச்சியும் மற்றவர் நீராவியைச் செலுத்தியும் தைலம் இறக்குவாரானால், இரண்டு குப்பிகளிலும் ஒரே பரிமளம் இராது. மலரின் ஜாதியையும் அது விளைந்த மண்ணையும் விசாரிக்கிற நாம், அதை வடித்த வாலையை விசாரிப்பதில்லை.

தனியே காய்ச்சினால் 200 டிகிரிக்கு மேல் கொதிக்கக்கூடிய மணப்பொருள்கள், நீராவியோடு கூடும்போது 100 டிகிரிக்குள்ளாகவே எழுந்துவிடுகின்றன என்பதே இத்தொழிலின் ஆதாரம். ஆயினும் எந்த முறை உயர்ந்தது என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. அந்தந்தப் புஷ்பத்தின் சுபாவமே அதை நிர்ணயிக்கிறது.

பல்கேரிய தேசத்தில் கசன்லக் நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில், மே, ஜூன் மாதங்களில் வெயில் ஏறுமுன் பறிக்கப்படும் டமாஸ்க் ரோஜாவின் மீது வெறும் நீராவியைச் செலுத்தினால், இதழ்கள் களி போல் திரண்டு ஒட்டிக்கொள்ள, ஆவி எங்கும் பரவ வழியில்லாமற் போகும். ஆகையால் அங்குள்ளோர் இதழ்களைத் தாராளமான நீரில் மிதக்கவிட்டே காய்ச்சுகிறார்கள். அப்போது மேலே மிதந்து திரளும் தைலம் சொற்பமே. பெரும்பகுதி பன்னீரில் கரைந்து நின்றுவிடுகிறது. அப்பன்னீரை மீண்டும் வாலையில் ஏற்றி, அதிலிருந்து பிரியும் இரண்டாம் தைலத்தை முதலாவதோடு கலக்கிறார்கள். முதலாவதில் குளிரில் உறைகின்ற, மணமில்லாத மெழுகு மிகுதி. இரண்டாவதில் ஜெரானியால், சிட்ரோனெல்லால் முதலிய மணப்பொருள்கள் மிகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் அது ரோஜாத் தைலம். ஒரு கிலோ தைலத்துக்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட இதழ்கள் செலவாகிற இத்தொழிலில், மறுமுறை வடிக்கும் அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படி வடித்தும், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்னும் மணப்பொருள் பெரும்பாலும் நீரைவிட்டுப் பிரிவதில்லை. செடியில் மலர்ந்த ரோஜாவின் மணம் தைலத்தில் முழுமையாக இல்லாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

லாவெண்டரின் சுபாவமோ இதற்கு நேர்மாறானது. அதன் இனிய மணத்துக்குக் காரணமான லினாலில் அசிட்டேட், கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் சிதைந்து, லினலூலாகவும் காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலமாகவும் பிரிந்துபோகிறது. பிரான்ஸின் ப்ரோவான்ஸ் மலைச்சாரல்களில் முற்காலத்தில் செப்பு வாலைகளை வயலுக்கே கொண்டுபோய், கதிர்களை நீரோடு சேர்த்து விறகுத் தீயில் காய்ச்சினார்கள். அடி பிடித்தால் தைலத்தில் தீய்ந்த வாடை ஏறிவிடும். பிற்பாடு கொதிகலனில் தனியே உண்டாக்கிய நீராவியைச் செலுத்தி விரைவில் வடிக்கத் தொடங்கிய பிறகே, அந்த இனிமை சேதமின்றிக் கிடைத்தது.

லாவெண்டருக்கு உதவிய இந்த விரைவு சந்தனத்துக்கு ஆகாது. முன்பு வடிப்பதற்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கட்டையை, முதல் உலக யுத்தத்தின்போது மைசூர் சமஸ்தானம் தானே வடிக்க முற்பட்டது. கட்டையைத் தூளாக்கி நீராவி செலுத்தினால், லேசான பொருள்கள் முதலில் வந்துவிடும். தைலத்தின் ஜீவனான சாண்டலாலோ மெல்ல மெல்லவே எழும். எரிபொருட் செலவுக்கு அஞ்சி, இரவும் பகலுமாக நடக்கவேண்டிய வடிப்பை முதல் நாளோடு நிறுத்துகிறவர், சாண்டலாலில் பெரும்பங்கைத் தூளிலேயே விட்டுவிடுகிறார்.