பெரோயாவின் வாசகர்கள்



வேத வாசிப்பும் விசுவாச வளர்ச்சியும் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். இதைச் சொல்லித் தலைமை ஏற்க அழைத்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது பெரோயா என்ற ஊர்தான். அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் சில வசனங்களோடு முடிந்துபோகிற ஊர் அது. இன்று வட கிரேக்கத்தில் வெரியா என்ற பெயரில் இருக்கிறது. தெசலோனிக்கேயில் கலகம் எழுந்து, பவுலையும் சீலாவையும் சகோதரர்கள் இரவோடு இரவாக இந்த ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். இருவரும் வந்ததும் ஜெப ஆலயத்துக்குள் போகிறார்கள்.

அங்கே இருந்தவர்களைப் பற்றி லூக்கா இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறார். வசனத்தை அவர்கள் முழு ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். கேட்டது அப்படித்தானா என்று நாள்தோறும் வேதத்தைத் தேடிப் பார்த்தார்கள். இந்த இரண்டையும் நாம் இரண்டு வகை மனிதர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டோம். ஏற்றுக்கொள்வது எளிய விசுவாசியின் வேலை, சோதித்துப் பார்ப்பது படித்தவரின் வேலை என்று வைத்துக்கொண்டோம். விசுவாசி கேள்வி கேட்டால் அவருக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்கிறோம். பேராசிரியர் ஒரு வசனத்தின் முன் கண்கலங்கினால் அவர் ஆய்வாளரே இல்லை என்கிறோம். பெரோயாவில் ஏற்றவர்களும் தேடியவர்களும் ஒரே ஆட்கள்.

அவர்கள் தேடிய விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்று வீட்டுக்கு ஒரு வேதப்புத்தகம் கிடையாது. ஜெப ஆலயத்தில் தோல் சுருள்கள் இருந்தன. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் 17 தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. நீளம் ஏழு மீட்டருக்கு மேல். அதில் நாம் பழகிய அதிகார எண்ணும் இல்லை, வசன எண்ணும் இல்லை. மேசியா பாடுபட வேண்டியது என்று பவுல் சொன்னால், அது ஏசாயாவில் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சுருளைக் கைகளால் விரித்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்கள் செவிகொடுக்க வேண்டும். தேடிய இடம் வருமுன்பே எத்தனையோ பகுதிகள் காதில் விழுந்திருக்கும். கண்டனமும் ஆறுதலும் புலம்பலும் வரிசையாக வந்திருக்கும். தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போக அவர்களால் முடியாது. திறந்த உள்ளம் என்று நான் சொல்வது இந்த உழைப்பை. வேதம் தன் வரிசையில், தன் வேகத்தில் பேசட்டும் என்று உட்கார்ந்து இடம் கொடுப்பதை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் சோதித்தது பவுலின் போதனையை. அதை லூக்கா குறையாக எழுதவில்லை. அதற்காகவே அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். அப்படித் தேடியதனால்தான் அவர்களில் அநேகர் விசுவாசித்தார்கள் என்று அடுத்த வசனத்தில் காரணமும் சொல்கிறார். மேடையில் நிற்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று சபையைப் பழக்கிவைத்திருக்கும் எவரும் இந்தப் பகுதியை மறுபடி வாசிக்க வேண்டும்.

நம் கையிலிருக்கும் அச்சுப் புத்தகத்தில் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் ஸ்டீபன் லாங்டனிடமிருந்து வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியன் 1551இல் அச்சிட்ட பதிப்பில் ஏறியவை. தேடுவதற்கு அவை பெரிய உதவி. ஆனால் எண் வந்தபின் வசனத்தைத் தனியே கழற்றி எடுப்பதும் எளிதாயிற்று. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாம் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோம். நானும் வாங்குகிறேன், அந்த இரவின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, தேவன் தம் மக்களைக் குறித்து நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் வசனம்.

அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்றிருக்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்பவன் மேடை போட்டுச் சொல்லியிருந்த வேளை அது. எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். நாற்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்டவர், தான் ஊர் திரும்பப்போவதில்லை என்பதை அன்றே அறிந்திருப்பார். வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை; அது பேரப்பிள்ளைகளுக்குப் பலிக்கும். அட்டையில் பதினொன்றாம் வசனத்தைப் பெற்றவருக்குப் பத்தாம் வசனத்தையும் கொடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது. அவருடைய ஜனவரி எப்படிப் போனாலும் தாங்கி நிற்கிற விசுவாசம் அந்த இரண்டையும் சேர்த்து வாசிப்பதில்தான் வளரும்.

படித்தவர்களுக்கு வேறொரு தடை உண்டு. அகுஸ்தீன் தம் அறிக்கைகள் நூலில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இளவயதில் சிசெரோவின் நூல் ஒன்றை வாசித்து ஞானத்தின்மேல் பற்றுக்கொண்டு, அந்த வேகத்தில் வேதத்தைக் கையில் எடுத்தார். சிசெரோவின் நடைக்கு முன் அது அவருக்கு மட்டமாகத் தெரிந்தது, வைத்துவிட்டார். பிறகு மிலான் நகரில் அம்புரோசின் பிரசங்கங்கள் அவர் காதைத் திறந்தன. 386இல் அந்நகரத் தோட்டத்தில் ரோமர் நிருபத்தின் ஒரு பகுதியை வாசித்து மனந்திரும்பியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. இனி எதை வாசிக்கட்டும் என்று அம்புரோசுக்கு எழுதிக் கேட்டார். ஏசாயாவை வாசி என்று பதில் வந்தது. திறந்து வாசித்தார், புரியவில்லை. மற்றப் பகுதிகளில் பழகிய பிறகு வரலாம் என்று மூடிவைத்தார். திருச்சபையின் மாபெரும் வேத விளக்க ஆசிரியர்களில் ஒருவர் தொடங்கிய இடம் அது. முன்பு வேதம் தனக்குத் தாழ்ந்தது என்று வைத்தார். இப்போது தனக்கு இன்னும் எட்டவில்லை என்று வைத்தார். இந்த இரண்டு வைத்தலுக்கும் நடுவில் ஒரு மனிதன் மாறியிருக்கிறான். மறு ஆண்டு, 387இன் உயிர்த்தெழுதல் திருநாளில், அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

நம் மண்ணிலும் அப்படி ஒருவர் உண்டு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சேறி முடிந்தது. வேதத்தைக் கொடுக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்பவராக அமர்ந்தார் என்பதை ஆய்வு மாணவர்கள் நினைவில் வையுங்கள்.

வேதத்தை ஏற்றுக்கொண்ட ஒருவரிடமே பூட்டிய அறை ஒன்று மீந்திருக்கலாம். இதைப் பேசாமல் இந்தத் தலைமை உரையை முடிக்க எனக்கு மனமில்லை. யோப்பா பட்டணத்து மேல்வீட்டில் பேதுரு தரிசனம் கண்டார். செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனார். எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாதென்று கற்றுக்கொண்டார். ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் அந்தியோகியாவில் நடந்ததைச் சொல்கிறது. யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும், புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு முகம் எதிர்த்தார். விசுவாச வளர்ச்சி ஒரே சீராக மேலேறும் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை வாசிக்க வேண்டும். பேதுருவின் சறுக்கல் உபதேசத்தில் அல்ல, சாப்பாட்டில் வெளிப்பட்டது.

நம் சபைகளின் சறுக்கலும் அங்கேயேதான். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்ல. தலைமுறைகளாகத் தமிழில் வேதம் வாசித்தவர்கள், கீர்த்தனை பாடியவர்கள். ஒரே பாத்திரத்தில் பருகும் இடம் வந்தபோது வேதம் அவர்களுக்குள் நுழைய முடியவில்லை. இன்றும் சில ஊர்களில் ஆண்டவரின் பிள்ளைகள் என்று பாடி அடக்கம் செய்யப்பட்டவர்கள் சாதிவாரியாகப் பிரித்த கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கலாத்தியர் நிருபத்தைப் பற்றி எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினாலும், அந்த நிருபத்தை நாம் இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

பெரோயாவில் பவுல் அதிக நாள் தங்கவில்லை. தெசலோனிக்கேயிலிருந்து ஆட்கள் வந்து ஜனங்களைக் கிளப்பிவிட, அவர் அத்தேனேக்குப் போக வேண்டியதாயிற்று. பெரோயருக்கு அவர் எழுதிய நிருபம் எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தில் பவுலோடு பயணம் செய்தவர்களின் பட்டியலில், பெரோயா ஊரானாகிய சோபத்தர் என்று ஒரு பெயர் வருகிறது. போதகர் போன பிறகும் அந்தச் சபை நிலைத்தது. தாங்களே வேதத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் அவர்களைத் தாங்கியது என்றே நான் நம்புகிறேன்.

இந்தக் கருத்தரங்கில் படிக்கப்போகும் கட்டுரைகளின் தலைப்புகளைப் பார்த்தேன். நல்ல உழைப்பு தெரிகிறது. அமர்வுத் தலைவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால், அது எடுத்துக்கொள்ளும் வேதப் பகுதியை முழு அதிகாரமாக உரக்க வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பவர் கட்டுரையாளராக இருக்க வேண்டாம். சபையிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களையும் இளைஞர்களையும் வாசிக்க அழையுங்கள். கட்டுரை முடிந்ததும் முதல் கேள்வி கேட்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுங்கள். கட்டுரையாளர்கள் அந்தக் கேள்விகளுக்கு அவர்களுக்குப் புரியும் தமிழில் பதில் சொல்லுங்கள். நேரம் போதவில்லை என்றால் கட்டுரையைச் சுருக்குங்கள். வாசிப்பைச் சுருக்க வேண்டாம்.

கருத்தரங்கு தொடங்குகிறது என்று அறிவிக்கிறேன். முதல் அமர்வின் பகுதி எரேமியா 29. தயவுசெய்து முதல் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.