போர்டைப் பூட்டி வைக்காதீங்க



நம்ம டிஜிட்டல் லேப் ஞாபகம் இருக்கும். 7490 ஐ.சி.யைப் பிரெட்போர்டில் குத்தி, வயர் இழுத்து, கவுண்ட்டர் ஓடறதுக்குள்ளே மணி அடிச்சுடும். எஃப்.பி.ஜி.ஏ. போர்டு மொத்த லேபுக்கும் ஒன்று. சார் பக்கத்தில் நின்றால்தான் தொடலாம். அவரைக் குறை சொல்லலை, அதன் விலை அப்படி.

1985-இல் ஸைலிங்ஸ் கொண்டுவந்த முதல் எஃப்.பி.ஜி.ஏ.வில் 64 லாஜிக் பிளாக்குகள்தான். இன்று டாங் நானோ 9கே என்ற விரல் நீளப் போர்டில் 8,640 லுக்-அப் டேபிள்கள்! விலை, குடும்பத்தோடு ஓட்டல் போய்வரும் செலவு.

ஆனா, இதில் எழுதுகிற வெரிலாக் புரோகிராம் இல்லை, சர்க்யூட். 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 24 பிட் கவுண்ட்டர் போட்டு, கடைசி பிட்டை எல்.இ.டி.க்குக் கொடுத்தால் இரண்டு நொடிக்குச் சுமார் மூன்று தடவை மின்னும். பக்கத்திலேயே இன்னும் பத்து கவுண்ட்டர் சேருங்க. முதலாவது துளியும் மெதுவாகாது. பத்தும் தனித்தனி சர்க்யூட்டாக ஒரே சமயத்தில் ஓடும். 'சி' மட்டும் படிச்ச பிள்ளைக்கு இது உறைக்கிறது போர்டு கையில் இருக்கும்போதுதான்.

பழைய 5 வோல்ட் ஐ.சி.களை மட்டும் நேராக இணைக்கக் கூடாது. பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

எங்க பேட்ச் சார்பில் 20 போர்டு துறைக்குத் தந்திருக்கிறோம். ஒரே நிபந்தனை: அலமாரியில் பூட்டக் கூடாது. லைப்ரரி புத்தகம் மாதிரி ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகட்டும். ஒன்றிரண்டு புகையும், பரவாயில்லை. இன்னும் இரண்டு பேட்ச் சேர்ந்தால் அடுத்த வருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்க.