பெயர் இருக்கிற மானியம், பெயர் இல்லாத மானியம்

இன்னைக்கு அமெரிக்க விவசாய மானியம் பத்திப் பேசப் போறோம். 'நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்'னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. அரசு டேட்டாவைத் திறந்து பார்க்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு இதுல விஷயம் இருக்கு.

அயோவா மாநிலத்துல ஸ்டோரி கவுன்ட்டின்னு ஒரு இடம். கவுன்ட்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. அங்கே முக்கியமா மக்காச்சோளமும் சோயாவும்தான். அந்தக் கவுன்ட்டியில யாருக்கு எந்த வருஷம் எவ்வளவு மானியம் போச்சுன்னு நீங்க இங்கே உட்கார்ந்தே பார்க்கலாம். என்விரான்மென்ட்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு, தகவல் அறியும் சட்டம் மூலமா வேளாண் துறையிடம் கேட்டு வாங்கி, 2001ல் இதை ஆன்லைன்ல போட்டது. 1995ல் இருந்து டேட்டா இருக்கு.

சரி, அந்தப் பட்டியல்ல என்ன இருக்கு? உதாரணமா, விளைபொருள் விலை ஒரு அளவுக்குக் கீழே விழுந்தா அரசு ஈடுகட்டும் திட்டம். இதுல ஒரு நபருக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர்னு உச்சவரம்பு இருந்தது. 2025ல் வந்த சட்டம் அதை 1,55,000 ஆக்கியது. வரம்பும் உண்டு, பெயரும் வெளியே தெரியும்.

இப்போ அடுத்த டேபிளுக்கு வாங்க. பயிர்க் காப்பீடு. பிரீமியம் 100 டாலர்னா, சராசரியா 60 டாலருக்கு மேல அரசே கட்டுது. மீதியைத்தான் விவசாயி கட்டுறார். இதுவும் வரிப்பணம்தான். ஆனா இதுக்கு உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு ஏக்கர் அதிகமோ, அவ்வளவு மானியம். பெயர்? அதை வெளியிடக் கூடாதுன்னு காப்பீட்டுச் சட்டமே சொல்லுது. கவுன்ட்டிக்கு மொத்தம் எவ்வளவு, எந்தப் பயிருக்கு எவ்வளவு, அதோட நின்னுடும்.

இதனால என்ன ஆகுது? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.வால் உள்ளே பார்க்க முடியும். 2012ல் அது ஒரு கணக்குப் போட்டது. 2011ல் பிரீமியம் மானியத்துக்கு ஆளுக்கு 40,000 டாலர்னு வரம்பு வெச்சிருந்தா, காப்பீடு எடுத்தவங்கள்ல 3.9 சதவீதம் பேர்தான் பாதிக்கப்பட்டிருப்பாங்க. ஆனா மொத்த மானியத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அவங்களுக்குத்தான் போயிருக்கு. அந்த 3.9 சதவீதம் யாருன்னு ஸ்டோரி கவுன்ட்டிக்காரங்களுக்கே தெரியாது.

எதிர்த்தரப்பையும் கேட்போம். காப்பீட்டு ஃபைல்ல ஒருத்தரோட விளைச்சல் கணக்கு முழுசா இருக்கும். அது வெளியே வந்தா, அவர் குத்தகைக்கு எடுத்திருக்கிற நிலத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் அதிக வாடகை பேசி நிற்பார். நியாயமான பயம்தான்.

ஆனா டேட்டாபேஸ் வேலை பார்க்கிற யாருக்கும் இதுக்குத் தீர்வு தெரியும். விளைச்சல் காலத்தை மறைச்சுட்டு, மானியத் தொகை காலத்தை மட்டும் காட்டலாம். டெக்னிக்கலா இது ஒரு சின்ன வேலை. தடையா நிற்கிறது சட்டம் மட்டும்தான்.

இன்னொரு விஷயம். பட்டியல்ல பெயர் இருக்கிறவர் ஏமாத்துக்காரர்னு அர்த்தம் கிடையாது. அவர் விதிப்படி விண்ணப்பிச்சு வாங்கியிருக்கார். ஆனா பெயர் தெரியிற சின்னப் பண்ணைக்காரர் டீக்கடையில பேச்சு வாங்க, பெயர் தெரியாத பெரிய பண்ணை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம போகுது பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது.

அதனால எந்த நாட்டு அரசுப் பட்டியலா இருந்தாலும், மேலே இருக்கிற முதல் பெயரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, எந்தத் திட்டம் இதுல சேரலைன்னு தேடிப் பாருங்க. என்ன கிடைச்சதுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.