நம் வீட்டுப் பந்தலுக்கு எந்தக் கொடி?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வசூல் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்று வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, தேர்வாய் கண்டிகை பக்கத்தில் நம்மில் பல பேருக்கு வீட்டுக்குப் பின்னால் ரெண்டு கட்டில் போடுகிற இடம் இருந்தாலே பெரிசு. கொடிக்கு அது போதும். தரையில் ஒரு முழக் குழி, மேலே ஒரு பந்தல், அவ்வளவுதான்.

எந்தக் கொடி போடலாம் என்றதும் நாம் ருசியைத்தான் யோசிக்கிறோம். நம்ம ஊரில் முதலில் பார்க்க வேண்டியது இடம். ஒரு பக்கம் உருக்காலைப் புகை, ஒரு பக்கம் லாரித் தூசி. ஈயம் மாதிரி உலோகங்கள் காயில் சேர்வதைவிடக் கீரையிலும் கிழங்கிலும்தான் அதிகம் சேரும். அதனால் ரோட்டுப் பக்கம், கம்பெனி சுவர்ப் பக்கம் பசலை, தூதுவளை, முடக்கத்தான் போன்ற இலைக் கொடி வேண்டாம். அங்கே புடலை, பீர்க்கு, பாகல், சுரை போடுங்க. இலைக் கொடியை வீட்டுக்கு மறுபக்கம், தூசி படாத இடத்தில் வையுங்க. எதுவானாலும் நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை கழுவிச் சமையுங்க.

மண்ணையும் பாருங்க. கம்பெனிக் கசடு, சாம்பல் கொட்டி மேடாக்கிய மனையில் நேராக நடக்கூடாது. மேலே படிகிற தூசியைக் கழுவலாம், வேர் உறிஞ்சியதைக் கழுவ முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் அரிசிச் சாக்கில் நல்ல வயல் மண்ணும் மக்கிய சாணியும் நிரப்பி அதில் நடலாம். பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிற கெமிக்கல் டிரம், பெயிண்ட் டப்பா செடிக்கும் வேண்டாம், தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம்.

அடுத்து, யார் பார்த்துக்கொள்வது? ஷிப்டுக்குப் போகிற வீட்டில் கோவைக்காய் நல்லது. காய்க்கிற கொடியிலிருந்து தண்டு வெட்டி நட்டால் சில வருடம் காய்க்கும், திரும்பத் திரும்ப விதைக்கிற வேலை இல்லை. பந்தல் உயரமாகப் போட முடியாதவர்கள் புடலையில் கோ 2 ரகம் கேளுங்க. அது குட்டைக் காய். கோ 1 ரகம் அஞ்சடிக்கு மேல் தொங்கும், உயரமான பந்தல் வேண்டும். சுரையும் பூசணியும் கனமான காய், சவுக்குக் கம்பு திடமாக இருக்க வேண்டும். ஷீட் கூரை மேல் கொடியை ஏற்றிவிட்டு, காய் பறிக்க ஷீட்டில் ஏறுவது மட்டும் கூடவே கூடாது.

பட்டம் தவறக்கூடாது. ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் புரட்டாசியில் காய் பறிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை, புயல். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததை நாம் மறக்க முடியாது. அதனால் மேட்டுப் பாத்தியில் நடுங்க, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தையில் விதைத்தால் புயல் பயம் இல்லை, ஆனால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொடி அவரையை ஆடியில் போட்டால் பனிக்காலத்தில்தான் பூக்கும். காய்க்கலையே என்று பிடுங்கிவிடாதீங்க.

“பூவெல்லாம் கொட்டுது, காயே இல்லை” என்று பல சகோதரிகள் சொல்கிறார்கள். இந்தக் கொடிகளில் பெரும்பாலும் முதலில் வருவது ஆண் பூ, அது கொட்டத்தான் செய்யும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. அந்தப் பிஞ்சும் வெம்பி விழுந்தால் வண்டு, தேனீ வரவில்லை என்று அர்த்தம். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்க. பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையில் செய்யணும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூக்கும், அப்போது செய்யணும். புழு விழுந்த காயைக் குப்பையில் போடாமல் ஆழமாகப் புதையுங்க, இல்லாவிட்டால் பழ ஈ மறுபடி பெருகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக மனசில் வையுங்க. சுரைக்காய் கசந்தால் சாப்பிடக்கூடாது. 2010ல் டெல்லியில் கசப்பான சுரைக்காய் ஜூஸ் குடித்த ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, சிறு துண்டை ருசி பார்த்து, கசந்தால் எறிந்துவிடச் சொன்னது. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. வீட்டில் காய்த்தது, வீணாக்குவதா என்று நினைக்காதீங்க. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு பாக்கெட் விதை ஒரு வீட்டுக்கு அதிகம். குழுவாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நாட்டு ரகமாக இருந்தால் நல்ல காய் ஒன்றை முற்றவிட்டு, விதையைக் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வையுங்க. ஒட்டு ரக விதையை எடுத்து வைத்தால் அடுத்த தடவை அதே காய் வராது. ரகம் பற்றிச் சந்தேகம் என்றால் திருவள்ளூர் அருகே திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் யார் வீட்டில் எந்த இடம் இருக்கிறது, மண் எப்படி என்று முதலில் பேசுங்க. பிறகு விதை வாங்குவோம்.